ஒரு கொடையில் மூன்று தானம்



ஆகாரம், அபயம், ஔஷதம், சாத்திரம் எனத் தானம் நால்வகைப்படும் என்பதை நம் வீட்டுக் குழந்தைகளும் அறிவர். அவற்றைத் தனித்தனியே செய்து பழகிய நாம், ஒரே கொடையில் மூன்று தானங்கள் சேர்ந்து அமையுமா என்று எண்ணிப் பார்ப்பதில்லை. அமையும் என்பதற்கு நம் முன்னோர் கல்லிலே சான்று வைத்துள்ளனர்.

வந்தவாசிப் பகுதியில் உள்ள வேடல் கல்வெட்டு முதலாம் ஆதித்த சோழனின் 14ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. குணகீர்த்தி படாரரின் மாணாக்கியாகிய கனகவீரக் குரத்தியார் என்னும் பெண் துறவி, 500 மாணாக்கியரோடு அங்கே வாழ்ந்தார். அவர்களுக்கும் மற்றொரு குழுவினருக்கும் பிணக்கு நேர்ந்தது. அப்போது அவ்வூரில் இருந்த நம் சமயத்தார் முன்வந்து, குரத்தியாரையும் மாணாக்கியரையும் காத்து உணவளிக்கும் பொறுப்பை ஏற்றனர்.

உணவளித்தது ஆகார தானம். காத்தது அபய தானம். அவ்விரண்டாலும் கல்வி தடைப்படாது நடந்தமையால் அது சாத்திர தானமும் ஆயிற்று. கற்பவரை மட்டுமன்றிக் கற்பிப்பவரையும் தாங்கியதே அக்கொடையின் சிறப்பு.

இன்று நாம் செய்வது யாது? மகாவீரர் ஜயந்தி நாளில் குறிப்பேடுகளும் பரிசுத் தொகையும் வழங்குகிறோம். நற்செயலே. ஆயினும் அப்பிள்ளைக்கு மறுநாள் முதல் வழிகாட்டுவார் யார்? 2014 சனவரியில் ஜைனர் தேசியச் சிறுபான்மையினராக அறிவிக்கப்பட்டனர். அதனால் மத்திய அரசின் சிறுபான்மையினர் கல்வி உதவித்தொகைக்கு நம் பிள்ளைகளும் உரியராயினர். ஆனால் விதிகள் மாறும். பத்தாம் வகுப்பு வரை இருந்த உதவித்தொகை 2022-23 முதல் 9, 10ஆம் வகுப்புகளுக்கு மட்டும் என்றாயிற்று. இத்தகைய மாற்றங்களை அறிந்து, வருமானச் சான்று பெற்று, நாள் தவறாமல் விண்ணப்பிக்க ஒரு பெரியவர் உடனிருக்க வேண்டும். சேலத்தை அடுத்த நம் கொண்டப்பநாயக்கன்பட்டி போல, மடமும் ஜினாலயமும் தொலைவிலிருக்கும் ஊர்களில் இத்தேவை இன்னும் மிகுதி.

நற்காட்சியின் எட்டு அங்கங்களுள் ஸ்திதிகரணம் ஒன்று. நெறியினின்று நழுவுகின்றவரை மீண்டும் நிலைநிறுத்துவது அது. வாரிஷேண முனிவர் மனம் தளர்ந்த தோழரைப் பொருள் கொடுத்துத் திருத்தவில்லை, உடனிருந்து திருத்தினார். ஆசிரியப் பயிற்சியில் நாம் கற்ற முதற்பாடமும் இதுவே: மாணவனை அறியாமல் பாடத்தைத் தொடங்காதே.

உடனிருப்பவருக்கும் செலவுண்டு. பேருந்துக் கட்டணம், அமர ஓர் இடம், மாலையில் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி ஆகியவை வேண்டும். 2021இல் தமிழக அரசு தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் தன்னார்வலர்க்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கப்பட்டது. பிள்ளையின் அருகே அமர்பவரைத் தாங்குவதும் கல்விக்கொடையே என்பதை அது உணர்த்தியது.

தானத்தின் பயன் விதி, திரவியம், கொடுப்பவர், பெறுபவர் ஆகிய நான்கின் தன்மையால் வேறுபடும் எனத் தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அதிகாரம் கூறுகிறது. ஆதலின் தொகை பெரிதா என்று மட்டும் பாராமல், அது சேரும் முறையையும் பார்ப்போம். நம் அறக்கட்டளைகள் பரிசு நிதியில் ஒரு பகுதியை வழிகாட்டுவோர் செலவுக்கென ஒதுக்கட்டும். ஓய்வுபெற்றோர் வாரம் இரண்டு மணி நேரம் ஒதுக்கட்டும். பொருளுடையார் பொருளும், பொழுதுடையார் பொழுதும் தரின், வேடல் ஊரார் செய்த அறம் நம் காலத்திலும் தொடரும்.

அறம் வளர்க!