ஓடாமல் நிற்கப் பழகுவது

ஊருக்குப் போக வேண்டும் என்றால் முந்தின இரவே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடும் பெண்கள் நம் வீடுகளில் நிறையப் பேர். பேருந்தில் ஏறுமுன் ஒருமுறை, வண்டி கிளம்பத் தாமதமானால் இறங்கி இன்னொருமுறை. கல்யாண மண்டபத்துக்குள் நுழைந்ததும் மணமேடையைப் பார்ப்பதற்கு முன் கழிப்பறை எந்தப் பக்கம் என்று கண் தேடும். கொஞ்ச காலத்தில் கல்யாணத்துக்குப் போவதே நின்றுவிடும். கேட்டால் மூட்டு வலி என்பார்கள். மூட்டு வலியை யாரிடமும் சொல்லலாம். இதைச் சொல்ல நா எழாது.

ஐம்பது வயதுக்குப் பிறகு எனக்கும் இது வந்தது. அதனால் இந்த மறைப்பின் கணக்கெல்லாம் எனக்குத் தெரியும். கோயில், சினிமா, பேத்தியின் பள்ளி ஆண்டு விழா என்று ஒவ்வொன்றாகக் கைவிட்டுப் போகும். உடம்பு படுத்தும் பாட்டைவிட, அதை ஒளிக்க நாம் படும் பாடுதான் வாழ்க்கையை இப்படிச் சுருக்குகிறது.

சிறுநீர்ப்பை ஏறக்குறைய 400 முதல் 500 மில்லி லிட்டர் வரை கொள்ளும். பாதி நிரம்புவதற்குள்ளேயே முதல் உணர்வு மூளைக்குப் போய்விடும். பிறகு பார்க்கலாம் என்று மூளை தள்ளிப்போடும். பையின் தசையும் தளர்ந்தபடி காத்திருக்கும். சின்னக் குழந்தையாக இருந்தபோது நாம் கற்றுக்கொண்ட பாடம் இது. மிகைச் செயல்பாட்டுச் சிறுநீர்ப்பை என்று சொல்லப்படும் நிலையில் அந்தத் தசை நம் சம்மதத்தைக் கேட்காமல் சுருங்குகிறது. பை நிரம்பியிருக்காது. ஆனாலும் இந்த நிமிடமே போயாக வேண்டும் என்ற அவசரம் பிடித்துக்கொள்ளும். அடிக்கடி போவதும், இரவில் தூக்கம் கலைவதும், போய்ச் சேர்வதற்குள் கசிந்துவிடுவதும் அந்த அவசரத்தோடு சேர்ந்து வருபவை. கனடா, ஜெர்மனி, இத்தாலி, ஸ்வீடன், பிரிட்டன் ஆகிய நாடுகளில் நடத்தி 2006இல் வெளியிட்ட ஆய்வில், பெரியவர்களில் சுமார் 12 சதவீதம் பேருக்கு இது இருந்தது. ஆண்களுக்கும் பெண்களுக்கும் பெரிய வித்தியாசமில்லை.

"வயசானா அப்படித்தான்" என்று சொல்லி அனுப்பிவிடுவதை நான் ஏற்கவில்லை. வயதோடு இது கூடும் என்பது உண்மைதான். ஆனால் அந்த ஒரு வாக்கியத்துக்குப் பின்னால் நீர்த்தாரைத் தொற்று, சர்க்கரை, கல், ஆண்களுக்கு புராஸ்டேட் வீக்கம், நரம்புக் கோளாறு என எத்தனையோ ஒளிந்திருக்கலாம். சிறுநீர்ப் பரிசோதனையும் சர்க்கரைப் பரிசோதனையும் செய்யாமல் யாரும் முடிவு கட்டக் கூடாது. சிறுநீரில் ரத்தம் தெரிந்தால் ஒரு வாரம்கூடத் தள்ளிப்போடக் கூடாது.

மாத்திரைக்கு முன்னால் பயிற்சி என்பதுதான் இதற்கான முறை. எப்போது குடித்தோம், எப்போது போனோம், எவ்வளவு போனோம், எப்போது கசிந்தது என்று மூன்று நாள் ஒரு நோட்டில் குறிக்கச் சொல்வார்கள். எழுதிப் பார்த்தால்தான் உடம்பின் பழக்கங்கள் தெரியவரும். பலருக்கு வீட்டுக் கதவில் சாவியை நுழைக்கும் அந்த நொடியில் அவசரம் உச்சத்துக்குப் போகும். வீடு வந்துவிட்டது, இனிப் போகலாம் என்று மூளை முந்திக்கொள்வதால் வருவது அது.

அவசரம் வந்ததும் கால் தானாக ஓடப் பார்க்கும். ஓடக் கூடாது. ஓடினால் பதற்றம் கூடும், பதற்றம் அவசரத்தைக் கூட்டும். நின்ற இடத்தில் நிற்க வேண்டும், முடிந்தால் உட்கார வேண்டும். வாயு பிரியாமல் அடக்க எந்தத் தசையை இறுக்குகிறோமோ, அதைச் சட்டுச் சட்டென்று சில முறை இறுக்கி விட வேண்டும். வயிறும் தொடையும் இறுகக் கூடாது. கீழிருந்து போகும் அந்தச் சேதி பையின் தசையை அமர்த்தும். அவசரம் ஏறி, நின்று, இறங்கும். இறங்கிய பிறகு நிதானமாக நடந்து போகலாம். பிரசவத்துக்குப் பின் தளர்ந்துபோகும் இந்தத் தசைகளுக்காக அமெரிக்க மகளிர் நோய் மருத்துவர் ஆர்னால்ட் கெகல் 1948இல் எழுதிய பயிற்சியின் தொடர்ச்சிதான் இது. கூடவே, ஒருமுறை போவதற்கும் மறுமுறை போவதற்கும் உள்ள இடைவெளியைக் கால் மணி நேரம், கால் மணி நேரமாக நீட்ட வேண்டும். வெளியே கிளம்புமுன் "எதற்கும் ஒருதரம்" போய்வரும் வழக்கத்தையும் குறைக்க வேண்டும், ஏனென்றால் அது கொஞ்சம் நிரம்பினாலே காலி செய்யப் பையைப் பழக்கிவிடுகிறது. பலன் தெரிய ஆறு வாரமாவது ஆகும். எனக்கு இந்தப் பயிற்சி கொடுத்தது ஒரு நம்பிக்கை: உடம்பு போடும் உத்தரவுகள் எல்லாம் உடனே நிறைவேற்ற வேண்டியவை அல்ல.

தண்ணீரைக் குறைப்பது தீர்வாகத் தோன்றும், ஆனால் கெடுதலில்தான் முடியும். அடர்ந்த சிறுநீர் பையை உறுத்தும், தொற்றுக்கும் கல்லுக்கும் வழிவிடும். பகலில் போதுமான அளவு குடித்து, படுப்பதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பு குறைத்துக்கொள்வதே சரி. காபி, டீயைக் குறைத்தால் பலருக்கு நல்ல மாற்றம் தெரியும். மலச்சிக்கலைச் சரிசெய்தாலும் அப்படித்தான். இவை போதாதபோது மருந்துகள் உண்டு. பழைய வகை மருந்துகள் வாயை உலர்த்தும், மலச்சிக்கல் தரும், முதியவர்களுக்குச் சில சமயம் மனக் குழப்பத்தையும் கொண்டுவரும். மிராபெக்ரான் என்ற புதிய மருந்துக்கு அந்தத் தொல்லைகள் குறைவு, ஆனால் ரத்த அழுத்தத்தைக் கவனிக்க வேண்டும். அதற்கும் மேல் போட்டாக்ஸ் ஊசி, நரம்புத் தூண்டல் சிகிச்சை என்று வழிகள் இருக்கின்றன.

ஆனால் எல்லாவற்றையும் தனி ஆளின் பயிற்சி மேலேயே சுமத்துவது அநியாயம். பகல் முழுக்கக் கடையில் நின்று விற்கும் ஊழியர்களுக்கு உட்கார ஒரு இருக்கை தர வேண்டும் என்று சட்டம் கொண்டுவரவே தமிழ்நாட்டில் 2021 வரை ஆனது. நீதிமன்ற வளாகங்களில் கழிப்பறை என்பது சலுகை அல்ல, அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது 2025 ஜனவரியில்தான். சாலையோரக் காவலர், பேருந்து நடத்துநர், தெருவில் காய் விற்பவர் என்று இன்னும் எத்தனையோ பேர் அடக்கிக்கொண்டே நாளை ஓட்டுகிறார்கள். திறந்திருக்கிற, தண்ணீர் வருகிற, தாழ்ப்பாள் விழுகிற கழிப்பறை இல்லாத ஊரில் சிறுநீர்ப்பைக்கு மட்டும் ஒழுங்கு கற்பிக்க முடியாது.

வீட்டில் இருக்கிற பெரியவர்கள் இரவில் இருட்டில் அவசரமாக எழுந்து போய் விழுகிறார்கள், இடுப்பு எலும்பு முறிகிறது. வழியில் ஒரு சிறு விளக்கு எரியட்டும். ராத்திரி எத்தனை தடவை எழுந்துகொள்கிறீர்கள் என்று அம்மாவிடமும் அப்பாவிடமும் நீங்களே கேளுங்கள். அவர்களாகச் சொல்ல மாட்டார்கள். உங்களுக்கே இந்தத் தொல்லை இருந்தால், மருத்துவரிடம் மற்றதெல்லாம் பேசிவிட்டுக் கிளம்பும்போது தயங்கித் தயங்கிச் சொல்லாதீர்கள். உட்கார்ந்ததும் முதலில் இதையே சொல்லுங்கள்.