கொள்ளுத் தாத்தா

திறமை பிறப்போடு வருவதா என்ற கேள்வியை நம்மிடையே யாரும் நேராகக் கேட்பதில்லை. பதில் மட்டும் எல்லோரிடமும் தயாராக இருக்கிறது. 'அவனுக்கு அது ரத்தத்திலேயே ஊறியது' என்கிறோம். கண்ணாடியைச் சுடரில் உருக்கி மலராக்கிய ஒருவர் இதே பதிலைக் கடிதமாகவே எழுதி வைத்துவிட்டுப் போயிருப்பதால் அவரிடமிருந்து தொடங்குகிறேன்.

லியோபோல்ட் பிளாஷ்கா 1822ல் பொஹீமியாவில் பிறந்தவர். டிரெஸ்டனுக்கு அருகே, மகன் ருடால்ஃபுடன் சேர்ந்து, ஹார்வர்ட் பல்கலைக்கழகத்துக்காக அவர் செய்யத் தொடங்கிய கண்ணாடித் தாவரங்கள் பிரசித்தமானவை. 1895ல் தந்தை இறந்த பின் மகன் தனியாகவே 1936 வரை செய்தார். மாதிரிகள் நாலாயிரத்துக்கும் மேல். கருவிகளோ சொற்பம்: ஒரு மேஜை, ஒரு விளக்கு, காலால் மிதிக்கும் துருத்தி, சில இடுக்கிகள். எனவே ஏதோ ரகசிய எந்திரம் இருக்கிறதென்று ஜனங்கள் சந்தேகப்பட்டார்கள். இந்தச் சேகரத்துக்குப் பணம் கொடுத்த மேரி லீ வேருக்கு 1889ல் எழுதிய கடிதத்தில் லியோபோல்ட் இதை மறுக்கிறார். எந்திரம் ஏதுமில்லை, கைப்பாங்குதான். அது தலைமுறைக்குத் தலைமுறை கூடுவது. ஆகவே தன்னைவிடத் தன் மகனுக்கு அதிகம். கற்க விரும்புகிறவன் முதலில் கண்ணாடியை நேசித்த ஒரு கொள்ளுத் தாத்தாவைத் தேடிக்கொள்ளட்டும் என்கிறார். அப்படி வாய்த்தும் தேறாதவன் தன்னையே நொந்துகொள்ள வேண்டியது. வாய்க்காதவன் மேல் குற்றமில்லை.

வேடிக்கையாகத்தான் எழுதியிருக்கிறார். ஆனால் இந்த வேடிக்கை நமக்கு அவ்வளவு சுலபமாகச் சிரிப்பை வரவழைப்பதில்லை. பிள்ளைகள் பாதி நாள் பள்ளிக்கூடத்திலும் மீதி நாள் பெற்றோர் தொழிலிலும் இருக்கட்டும் என்று 1953ல் சென்னை ராஜ்யத்தில் ஒரு திட்டமே வந்து, அடுத்த வருஷம் கைவிடப்பட்டது. லியோபோல்டின் வாக்கியத்தில் குற்றமற்றவனாக விடுவிக்கப்படுகிறவன் யார் என்பது நமக்குத் தெரியும். அந்த விடுதலையும் ஒரு வெளியேற்றம்தான்.

கல்லூரி ஆய்வுக்கூடங்களுக்குக் கண்ணாடிக் கருவிகள் செய்து தரும் நண்பர் ஒருவரின் பட்டறையில் சில ஞாயிற்றுக்கிழமைகள் பர்னர் முன் உட்கார்ந்திருக்கிறேன். வாரம் முழுக்க லெட்ஜர் புரட்டிய கைக்கு முதலில் பழக வேண்டியது உருட்டுதல். இளகிய கண்ணாடி நிமிஷம் விட்டாலும் தொங்கிவிடும். கோலை ஒரே சீராக உருட்டிக்கொண்டே இருக்க வேண்டும். கம்பியில் சுற்றிய மணியின் மேல் மெல்லிய வண்ண இழையால் புள்ளி வைத்து, இளகலாக இருக்கும்போதே ஊசியால் இழுத்தால் புள்ளி இதழாகிறது. தாமிரச் சிவப்புக்கு ஆக்ஸிஜன் குறைந்த சுடர் வேண்டும்; கூடினால் பச்சைக்கோ நீலத்துக்கோ நழுவிவிடும். எனக்கு விசித்திரமாகப் பட்டது, வேலை நடக்கும்போது நிறத்தை நம்ப முடியாது என்பது. சூட்டில் பல நிறங்கள் ஒரே செம்மஞ்சள் தணலாகத்தான் தெரிகின்றன. கண்ணாடியிலிருக்கும் சோடியம் வீசும் மஞ்சள் வெளிச்சம் வேறு; அதை வடிகட்ட டிடிமியம் மூக்குக்கண்ணாடி போட்டுக்கொள்கிறார்கள். விரிவுத்தன்மை வேறுபட்ட இரண்டு கண்ணாடிகள் சுடரில் சமர்த்தாக ஒட்டிக்கொள்ளும், ஆறும்போது பிளக்கும்.

இதிலெல்லாம் ரத்தத்துக்கு வேலை இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. நண்பர் சொல்லித் தந்தது மொத்தம் பத்து வாக்கியம் தேறாது. 'இப்ப எடு' என்பார். வாக்கியமாக இதற்கு அர்த்தமில்லை. பக்கத்தில் உட்கார்ந்து அதே தணலைப் பார்த்துக்கொண்டிருப்பவனுக்குத்தான் அர்த்தம். கொள்ளுத் தாத்தா கொடுத்துவிட்டுப் போவது இந்தப் பக்கத்து இருக்கையைத்தான். லியோபோல்டே இளமையில் ஒரு பொற்கொல்லரிடம் தொழில் பயின்றவர். அந்தப் பொற்கொல்லருக்கு அவருடைய கொள்ளுத் தாத்தாக் கணக்கில் இடமில்லை. 1943ல் பிறந்த பால் ஸ்டாங்கர்ட் என்ற அமெரிக்கருக்கு இருக்கை கிடைத்தது நியூ ஜெர்ஸியில் ஒரு தொழிற்பயிற்சிப் பள்ளியில். விஞ்ஞானக் கருவிகள் செய்து பிழைத்தவர், சுடரில் மலர்கள் செய்து கண்ணாடிக் குண்டுக்குள் பதிக்கும் கலைஞரானார்.

மரபு வாரிசுச் சொத்தல்ல, உழைத்தே அடைய வேண்டியது என்று 1919ல் எழுதினார் எலியட், லாயிட்ஸ் வங்கியில் வேலை பார்த்துக்கொண்டே. (எங்கள் இனத்துக்கு இப்படி ஒரு பெருமை.) எங்கே உட்கார்ந்து உழைப்பது, யார் உட்கார விடுவார்கள் என்று அவரும் கேட்கவில்லை. உட்கார்ந்த எல்லோருக்கும் வந்துவிடுவதில்லை, வாஸ்தவம். ஆனால் உட்காரவே விடாதபோது யாருக்கு வராது என்பதை எதை வைத்துத் தீர்மானிப்பது? 'மொழி வாய்க்கவில்லை' என்று ஒரு கையெழுத்துப் பிரதியைத் திருப்பி அனுப்பும் நம் சிறுபத்திரிகைகளையும் சேர்த்தே கேட்கிறேன். வாய்ப்பது என்ற வினைச்சொல்லில் எவ்வளவு சௌகரியம்!

ருடால்ஃபுக்குக் குழந்தைகள் இல்லை. தந்தையின் கணக்குப்படி இன்னும் அதிகக் கைப்பாங்கோடு வந்திருக்க வேண்டிய பேரன் வரவில்லை. வெளியிலிருந்து யாரையும் அவர் பயிற்சிக்குச் சேர்த்துக்கொள்ளவும் இல்லை. கடைசிக் காலத்தில், 1920களிலும் 1930களின் தொடக்கத்திலும், அவர் செய்தவற்றில் நோய் கண்டு அழுகும் பழங்கள் இருக்கின்றன. பேரிக்காயின் தோலில் பழுப்பு படர்வதை, அது எங்கே தொடங்கி எங்கே நிற்கிறதென்பது வரை, தனியாக உட்கார்ந்து கண்ணாடியில் செய்திருக்கிறார்.