காணாத களைப்பு

மரக்காணத்து உப்பளங்களின் வரப்பில் ஒரு கோடைக் காலையில் நடந்து சென்றால், களைப்பு கண்ணுக்குத் தெரியும் பொருள் என்றே எண்ணத் தோன்றும். உப்பு வாரும் பலகையை இழுத்துக் காய்த்த கை, உவர்நீரில் வெடித்த குதிகால், சட்டையில் வெண்மையாய்ப் படிந்த வியர்வை. இவற்றைக் கண்டபின் அத்தொழிலாளியிடம், 'உண்மையிலேயே களைத்தீரா?' என்று கேட்க நாம் துணியோம்.

ஆனால் சாட்சியே இல்லாத களைப்பும் உண்டு. பாரிசு மருத்துவர் ஷார்கோ 1868இல் தெளிவுற விவரித்த மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், மூளையிலும் தண்டுவடத்திலும் நரம்பிழைகளைப் போர்த்தியிருக்கும் மயலின் உறையை உடலின் காவற்படையே சிதைக்கும் நோயாகும். இந்நோயுற்றோரில் பெரும்பாலோரை வாட்டுவது களைப்பே. உறங்கி எழுந்தாலும் அது தீராது, வெப்பத்தில் மிகும். பார்ப்பவர்க்கோ அவர் நலமாகவே தோன்றுவார். ஆகவே 'சோம்பல்' என்னும் சொல் நம் நாவில் எளிதில் வந்துவிடுகிறது.

இக்களைப்பின் காரணங்களுள் ஒன்றை அறிய நாம் உப்பையே நாடலாம். உப்பிலுள்ள சோடியத்தின் அயனிகள் நரம்பிழைக்குள் பாய்வதாலேயே செய்தி ஓடுகிறது என்பதை ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் 1952இல் விளக்கினர். உறை நன்றாக இருந்தால் இப்பாய்ச்சல் சிற்சில இடைவெளிகளில் நிகழ்ந்தாலே போதும். உறை சிதைந்த இழையிலோ சோடியம் மிகுதியாய்ப் புகலாம். அதை வெளியேற்ற ஆற்றலும் மிகுதியாய்ச் செலவாகும். ஓட்டைப் படகில் நீரை இறைத்துக்கொண்டே துடுப்பும் வலிப்பவரின் நிலை அது. களைப்புற்றோரின் மூளை எளிய செயலுக்கும் கூடுதல் பகுதிகளைத் துணைக்கழைப்பதை எம்.ஆர்.ஐ. ஆய்வுகளும் காட்டியுள்ளன.

அப்படியானால், படத்தில் கண்டபின் நம்புவோம் என்போமா? இங்கேதான் நாம் தடுமாறுகிறோம். படத்தில் தெரியும் சிதைவும், ஒருவர் உணரும் களைப்பும் எப்போதும் பொருந்துவதில்லை. களைப்பை அளக்க 1989இல் வெளியான அளவுகோலும் 9 கூற்றுகளை முன்வைத்து, நோயாளியின் விடையையே கேட்கிறது. கருவி நின்றுவிடும் இடத்தில் அவர் சொல்லே சான்று.

ஏமாற்றுவோரும் இருப்பர் என்பது மெய்யே. ஆயினும் பொய்யர் ஒருவரை நம்பினால் நாம் இழப்பது சிறிது உதவி. மெய்யர் ஒருவரை ஐயுற்றால் அவர் இழப்பது தம் சொல்லின் மதிப்பு. இவ்விரண்டும் ஒரே எடையுடையன அல்லவே!

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இந்நோயைத் தன் பட்டியலில் சேர்த்துள்ளது. சட்டம் ஏற்றதை வீடும் பணியிடமும் ஏற்க வேண்டாமா? உவர்நீரைக் கையில் அள்ளினால் உப்பு தெரிவதில்லை. அதனால் உப்பே இல்லை என்று மரக்காணத்தார் எவரும் சொல்வதில்லை. 'முடியவில்லை' என்று ஒருவர் சொல்லும்போது, காரணம் கேட்குமுன் அவர் அமர இடம் கொடுப்போம்.