வேலை அனுபவம்: இல்லை

கிள்ளான் தெங்கு கிளானா சாலையில் பூக்கடை வைத்திருக்கும் ஓர் அம்மாவின் மகன் அவன். கணக்கியலில் டிப்ளோமா முடித்திருந்தான். பிரிக்பீல்ட்ஸ் சாப்பாட்டுக் கடையொன்றில் என் எதிரே உட்கார்ந்து ரெசுமேயை நீட்டினான். 'வேலை அனுபவம்' என்பதற்குக் கீழே 'இல்லை' என்றிருந்தது.

"கடையில யாருடா கணக்கு பாக்குறது?"

"நான்தாங்க்கா. அதெல்லாம் ஒரு வேலையா?"

மூன்றாம் படிவத்திலிருந்தே அவன்தான் பார்க்கிறான். கேமரன் மலையிலிருந்து வரும் சாமந்திக்குப் பணம் கட்டுவது, தீபாவளிக்கு எத்தனை மாலை போகும் என்று கணிப்பது, கடன் சொல்லிப் போனவரிடம் முகம் கோணாமல் வசூலிப்பது எல்லாமே. சம்பளச் சீட்டு இல்லாததால் அது வேலையே இல்லை என்று நம்பிவிட்டான்.

சொன்னதும் அடுத்த எல்லைக்குப் போனான். "அப்ப ஆப்பரேஷன்ஸ் மேனேஜர்னு போட்டுரவா?"

எல்லோரும் பொய் வாக்குக் கொடுத்தால் வாக்கையே யாரும் நம்பமாட்டார்கள் என்று இமானுவேல் காண்ட் 1785இல் வாதிட்டார். ரெசுமேக்கும் அதேதான். எல்லோரும் மேனேஜர் என்றால், உண்மையிலேயே மேனேஜராக இருந்தவர் சொல்வதும் எடுபடாது.

மூன்றாவது கேள்விதான் என்னைத் திணறடித்தது. "ஏ/எல் போட்டு அப்பா பேரு வருதே, அத எடுத்துரலாமாக்கா?"

லீ ஹ்வொக் ஆன், முகமது அப்துல் காலிட் இருவரும் கற்பனைப் பட்டதாரிகளின் ரெசுமேக்களை மலேசியத் தனியார் நிறுவனங்களுக்கு அனுப்பிப் பார்த்தார்கள். 2016இல் வெளியான அந்த ஆய்வில், சீனப் பெயர்களுக்கு மலாய்ப் பெயர்களைவிடப் பல மடங்கு அழைப்பு வந்தது. நம் பெயர்கள் அந்த ஒப்பீட்டிலேயே இல்லை. ஆனாலும் தம்பியின் பயம் எனக்குப் புரிந்தது. தராசு கோணலாக இருக்கும்போது, அதில் ஏறுகிறவனிடம் மட்டும் நேர்மை கேட்கக் கூச்சமாக இருக்கிறது.

யார் ஏமாறுகிறார்கள் என்று கேட்டுப் பார்த்தால் கொஞ்சம் தெளிகிறது. 'மேனேஜர்' என்பது நிறுவனத்தை ஏமாற்றும். அப்பா பெயரை விடுவது யாரையும் ஏமாற்றாது. கணக்குப் பார்ப்பவனின் அப்பா யார் என்பது நேர்காணலுக்கு முன் அவர்களுக்குத் தேவையில்லாத செய்தி. 'இல்லை' என்று எழுதியதும் பொய்தான். அதில் ஏமாந்தது அவனும் அவன் அம்மாவும்.

கடைசியில் எழுதியது இது: 'குடும்பப் பூக்கடை, கிள்ளான். கணக்கு, கொள்முதல், வசூல். 6 ஆண்டுகள்.'

அப்பா பெயரை எடுப்பது பொய்யில்லை என்று மட்டும் சொன்னேன். எடு என்று சொல்ல வாய் வரவில்லை. கொமுட்டர் ஏறும்போது அவன் சொன்னான்: "அம்மாகிட்ட கேக்கணும்க்கா."