முதல் நிமிடத்தைப் பார்க்க வைத்தவர்

‘நாம சொன்னா யாரு கேக்கப் போறா?’ வேலை பார்க்கும் இடங்களில், டீ நேரத்தில், அடிக்கடி காதில் விழும் பேச்சு இது. கோளாறு எங்கே என்று தெரிந்தவர் கையில் பெரும்பாலும் கையெழுத்துப் போடும் அதிகாரம் இருப்பதில்லை. இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு வர்ஜீனியா அப்கார் நினைவுக்கு வருகிறார்.

நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மருத்துவமனையில் அவர் மயக்க மருந்து மருத்துவர். அந்தப் பிரிவைப் பத்தாண்டுக்கு மேல் வளர்த்தெடுத்தவர். 1949இல் அது தனித் துறையானபோது தலைமைப் பதவி வேறொருவருக்குப் போயிற்று. அவருக்குப் பேராசிரியர் பதவி கிடைத்தது. அந்த மருத்துவக் கல்லூரியில் முழுப் பேராசிரியரான முதல் பெண் அவர். ஆனால் துறை கையில் இல்லை. அவர் கவனம் பிரசவ அறைப் பக்கம் திரும்பியது.

அங்கேயும் அவர் தாய்க்கு மயக்க மருந்து கொடுப்பவர், அவ்வளவுதான். குழந்தையை எடுக்கும் மருத்துவருக்கு அவரால் உத்தரவிட முடியாது. அந்த மருத்துவரின் கண்ணெல்லாம் தாயின் மேல் இருக்கும்: ரத்தப்போக்கு, நஞ்சுக்கொடி, தையல். பிறந்த குழந்தை நர்ஸ் கைக்குப் போய்விடும். அது நீலம் பாரித்து, துவண்டு கிடந்தால் யார் பொறுப்பு? தெளிவான விடை இல்லை. இனிப் பிழைக்காது என்று கைவிடப்பட்ட குழந்தைகளும் உண்டு.

பிறந்த குழந்தையின் நிலையை எப்படிக் கணிப்பது என்று ஒருநாள் காலை உணவு நேரத்தில் ஒரு மாணவர் கேட்க, அப்கார் கையில் அகப்பட்ட காகிதத்தில் ஐந்து விஷயங்களை எழுதிக் காட்டினார் என்பார்கள். இதயத் துடிப்பு, மூச்சு, தசையின் முறுக்கு, தூண்டினால் காட்டும் எதிர்வினை, உடம்பின் நிறம். ஒவ்வொன்றுக்கும் 0, 1, அல்லது 2, மொத்தம் 10. பிறந்து சரியாக ஒரு நிமிடத்தில் பார்க்க வேண்டும். 1953இல் இது கட்டுரையாக வெளிவந்தது.

அந்த நிமிடத்தைக் கிட்டத்தில் நின்று பார்ப்போம். நர்ஸ் குனிகிறார். துடிப்பு நூறுக்குக் கீழே, ஒன்று. மூச்சு விட்டு விட்டு வருகிறது, ஒன்று. கைகால் தொய்ந்து கிடக்கிறது, பூஜ்யம். உள்ளங்காலைச் சுண்டினால் முகம் லேசாகச் சுளிக்கிறது, ஒன்று. உடம்பெல்லாம் நீலம், பூஜ்யம். ‘மூன்று’ என்கிறார்.

‘டாக்டர், நீங்கள் குழந்தையைக் கவனிக்கவில்லை’ என்று எந்த நர்ஸும் பெரிய டாக்டரிடம் சொல்லியிருக்க முடியாது. ‘மூன்று’ என்று சொல்ல முடிந்தது. அறையில் எல்லார் காதிலும் அது விழுந்தபின் யாராலும் சும்மா நிற்க முடியவில்லை. பிரசவம் பார்த்தவரே மதிப்பெண் போடக் கூடாது என்றும் அப்கார் வலியுறுத்தினார். தன் கையால் எடுத்த பிள்ளைக்குக் குறைத்துப் போட மனம் வராது. தங்களுக்குத் தாழ்ந்த எண் வருவதை மருத்துவர்களும் விரும்பவில்லை. மூச்சுக்குழாயைச் சுத்தம் செய்வதும் ஆக்சிஜன் கொடுப்பதும் யாருடைய ஆணையும் இல்லாமல் வழக்கமாயின.

ஆனால் இதைச் சாமர்த்தியம் என்று மட்டும் எடுத்துக்கொண்டால் பாதிதான் புரியும். பிறகு அப்கார் ஹாலடே, ஜேம்ஸ் என்ற இரு மருத்துவர்களுடன் சேர்ந்து, குழந்தைகளின் ரத்தப் பரிசோதனையையும் இந்த எண்களையும் ஒப்பிட்டுப் பார்த்தார். சைக்ளோபுரொப்பேன் என்ற வாயுவைத் தாய்க்குக் கொடுத்த பிரசவங்களில் குழந்தைகள் கூடுதலாகச் சோர்ந்திருந்தன. அது அப்காருக்கே மிகவும் பிடித்த மயக்க வாயு. அவர் வாதாடவில்லை. பிரசவங்களில் அதைக் கொடுப்பதை விட்டுவிட்டார்.

அவர் வலிமை இங்கேதான் இருந்தது என்று நான் நம்புகிறேன். பதவியில் இருப்பவர் தான் செய்யாததையும் பிறரைச் செய்யச் சொல்லிவிடலாம். பதவி இல்லாதவரால், தான் எதற்குக் கட்டுப்படுகிறாரோ அதற்கு மட்டுமே பிறரை அழைக்க முடியும். அப்படி அழைக்கும்போது, கேட்பவர் அந்த மனிதருக்குப் பணியவில்லை. இருவரும் சேர்ந்து அந்தக் குழந்தைக்குப் பணிகிறார்கள். அதில் யாருக்கும் கௌரவக் குறைச்சல் இல்லை.

அந்தத் துறைக்கு அவர் கடைசிவரை தலைவராகவில்லை. நம் ஊர் மருத்துவமனைகளின் டிஸ்சார்ஜ் சம்மரியிலும் இன்று அவர் வகுத்த அந்த மதிப்பெண் இருக்கிறது. ஆனால் பிறந்த குழந்தை மூச்சு விடவில்லையென்றால், எண் போடுவதற்காக யாரும் ஒரு நிமிடம் காத்திருப்பதில்லை. அதற்குள் சிகிச்சை தொடங்கிவிடுகிறது.