பன்னிரண்டு ஊசி, இருபத்தேழு பேர்

அன்னதானப் பந்தியில் நமக்கு ஓர் ஒழுங்கு பழகிப்போயிருக்கிறது. வயசானவங்க, கர்ப்பிணிகள், கைக்குழந்தையோடு வந்தவங்க முதலில். பிறகு மற்றவர்கள். பரிமாறுகிற தொண்டர்கள் கடைசி. ரசம் தீர்ந்துபோனாலும், இருக்கிற மோரை ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு அண்டா கழுவப் போவோம். இந்த ஒழுங்கில் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். ஆனால் பகிர வேண்டியது சோறாக இல்லாத இடத்திலும் நாம் இதே கணக்கைத்தான் போடுகிறோம். சளிக்காய்ச்சல் தடுப்பூசி அப்படி ஓர் இடம்.

2020 ஜனவரி நினைவிருக்கிறதா? கோவிட் நம் வீட்டுப் பேச்சாக மாறுவதற்குச் சற்று முன்னால், மலேசியாவில் பல பள்ளிகளில் இன்ஃபுளுவென்சா பரவியது. பெற்றோர்கள் கிளினிக் கிளினிக்காக ஏறி இறங்க, தனியார் கிளினிக்குகளில் ஊசிக்குத் தட்டுப்பாடு. எங்கள் இளைஞர் பகுதி பொங்கலுக்குப் போகிற முதியோர் இல்லத்தில் அப்போது 22 பேர் இருந்தார்கள். அவர்களுக்கு ஊசி போட நன்கொடை திரட்டி வைத்திருந்தோம். கிளினிக்கில் கேட்டால், பன்னிரண்டுதான் தர முடியும் என்றார் டாக்டர்.

செயலவையில் முதலில் சுலபமாகத்தான் முடிந்தது. வயதில் மூத்த பன்னிரண்டு பேர், அவ்வளவுதான். டாக்டர் கேட்ட ஒரு கேள்வி அதைக் கலைத்துவிட்டது. "அங்க வேலை செய்றவங்க எத்தனை பேர்?" ஐந்து பேர். சமையல்கார அக்கா, குளிப்பாட்டி உடை மாற்றுகிற மூன்று இந்தோனேசியப் பெண்கள், இரவுக் காவலுக்கு ஒரு நேப்பாளி. "அப்போ அவங்களுக்கு முதல்ல போடுங்க" என்றார்.

எங்கள் பொருளாளர் ஐயா ஒத்துக்கொள்ளவில்லை. "தாத்தா பாட்டிங்களுக்குன்னு சொல்லி வாங்கின காசு இது. அதை வேலைக்காரங்களுக்கு, அதுவும் வெளிநாட்டுக்காரங்களுக்குப் போட்டா, கொடுத்தவங்க கேக்கும்போது நான் என்ன பதில் சொல்றது?" கெட்ட மனசோடு கேட்டதல்ல அது. கொடுத்தவருக்குச் சொன்ன சொல்லும் ஒரு கடமைதான். அதைத் தட்டிவிட்டுப் போக முடியாது.

ஆனால் ஊசி சோறு மாதிரி இல்லை. நான் சாப்பிட்டால் உங்கள் வயிறு நிறையாது. நான் ஊசி போட்டுக்கொண்டால் உங்களுக்கும் ஓரளவு பாதுகாப்பு வரும். இன்னொன்று, வயதான உடம்பு தடுப்பூசிக்கு மெதுவாகத்தான் பதில் சொல்கிறது. எண்பது வயது பாட்டிக்குக் கிடைக்கிற பலன் முப்பது வயது பராமரிப்பாளருக்குக் கிடைப்பதைவிடக் குறைவு. பலனே இல்லை என்று சொல்லவில்லை. மருத்துவமனை வரை போகாமல் காப்பாற்றுகிற அளவுக்கு அது உதவும். ஆனாலும் படுக்கையிலேயே இருக்கிற பாட்டிக்குக் கிருமி வெளியே போய் வருகிறவரிடமிருந்துதான் வர வேண்டும்.

ஸ்காட்லாந்தில் நீண்டகால முதியோர் மருத்துவமனைகளில் ஊழியர்களுக்கு ஊசி போட்டுப் பார்த்த ஓர் ஆய்வு, 2000-இல் லான்செட் இதழில் வந்தது. ஊழியர்களுக்கு ஊசி வழங்கிய இடங்களில் நோயாளிகளின் இறப்பு 13.6 விழுக்காடு, வழங்காத இடங்களில் 22.4. இந்த மாதிரி ஆய்வுகளின் பலம் போதாது என்று சொல்லும் நிபுணர்களும் உண்டு. ஆனால் ஜப்பான் கதை இன்னும் பெரிசு. அங்கே 1962 முதல் பள்ளிப் பிள்ளைகளுக்கு இந்த ஊசி போட்டார்கள். 1987-இல் பெற்றோர் விரும்பினால் மறுக்கலாம் என்று ஆனது. 1994-இல் திட்டம் நின்றது. பின்னால் இறப்புக் கணக்கைப் பார்த்தவர்கள், ஏறக்குறைய 420 பிள்ளைகளுக்குப் போட்ட ஊசி ஓர் இறப்பைத் தடுத்திருக்கிறது என்று 2001-இல் எழுதினார்கள். இறக்காமல் தப்பியவர்களில் பெரும்பாலோர் முதியவர்கள். பேரன் கையில் போட்ட ஊசி தாத்தாவைக் காப்பாற்றியிருக்கிறது.

இங்கே ஒரு முள் இருக்கிறது. அந்த இந்தோனேசியப் பெண்களை நாம் குழாய் மாதிரி பார்க்கிறோமா? கிருமி வரும் வழி என்பதால் அடைக்கிறோம், அவ்வளவுதானா? அப்படி என்றால் அது எனக்குப் பிடிக்கவில்லை. அவர்களும் அதே கூரைக்குக் கீழே தூங்குகிறவர்கள். காய்ச்சல் வந்தால் ஒரு நாள் படுத்துக்கொள்ள வழி இல்லாதவர்கள். சொந்தக் காசில் ஊசி போட அவர்கள் சம்பளம் இடம் கொடுக்காது. பாட்டிகளை நினைக்காமல் பார்த்தாலும் அவர்களுக்கு ஓர் உரிமை இருக்கிறது. அதனால் முதலில் போய்க் கேட்டோம், விளக்கிச் சொன்னோம். வேண்டாம் என்றால் வேலைக்குப் பாதகம் வராது என்று நடத்துநரையும் சொல்ல வைத்தோம். ஐந்து பேரும் கையை நீட்டினார்கள்.

மீதி ஏழு. இருபத்திரண்டு பேரில் யாருக்கு?

அமெரிக்காவில் எசக்கியேல் இமானுவேல், ஆலன் வெர்தைமர் என்ற இருவர் 2006-இல் ஒரு யோசனை சொன்னார்கள். பெருந்தொற்று வந்து ஊசி போதாமல் போனால், 13 வயதிலிருந்து 40 வரை உள்ளவர்களுக்கு முன்னுரிமை தரலாமாம். அவர்கள் வாழ்க்கையில் நிறைய முதலீடு செய்துவிட்டார்கள், பலனை இன்னும் அனுபவிக்கவில்லை என்பது வாதம். இதில் ஒரு நியாயம் இருக்கிறது. இன்னும் வாழாதவரின் இழப்பு பெரிதுதான். ஆனாலும் பால்மரக் காட்டில் நாற்பது வருஷம் வெட்டிப் பிள்ளைகளைப் படிக்க வைத்த ஒருத்தியின் கணக்கை, "அனுபவித்து முடிந்தது" என்று மூட நமக்கு யார் பேனா கொடுத்தார்கள்? அந்த இல்லத்திலேயே ஒரு பாட்டி, "எனக்கு எதுக்கு ஐயா, சின்னப் பிள்ளைங்க யாருக்காச்சும் போடுங்க" என்று சொன்னார். விட்டுக்கொடுப்பது அவருடைய உரிமை. அவர் விட்டுக்கொடுப்பார் என்று நாமே முடிவு செய்வது வேறு.

வயதை மட்டும் பிடித்துக்கொண்டு தொங்குவதும் சரிவராது. 1918 காய்ச்சல் வாலிபர்களைத்தான் அதிகம் கொன்றது. மலாயாத் தோட்டங்களில் நம் பாட்டன் பூட்டன்மார் எத்தனையோ பேர் போனார்கள். 2009-இல் புதிய எச்1என்1 வந்தபோது, அமெரிக்காவின் முதல் வரிசையில் கர்ப்பிணிகள், சுகாதார ஊழியர்கள், 24 வயது வரை உள்ளவர்கள் எல்லாம் இருந்தார்கள். 65 தாண்டியவர்கள் இல்லை. நோய் யாரைத் தேடி வருகிறது என்று பார்த்துத்தான் வரிசை போட வேண்டும். ஆகவே ஏழையும் டாக்டரிடமே விட்டோம். நுரையீரல், இதயம், நீரிழிவு என்று பார்த்து ஆறு பேரைக் குறித்தார். ஏழாவது இடத்துக்கு இரண்டு பேர் சமமாக நின்றார்கள். சீட்டுப் போட்டோம். முகம் சுளிக்காதீர்கள். 2004-இல் அமெரிக்காவில் தட்டுப்பாடு வந்தபோது நியூ ஜெர்சியில் ஓர் ஊரே குலுக்கல் நடத்தியிருக்கிறது. தேவை சமமாக நிற்கிறபோது சீட்டு யாருடைய மாமாவையும் தெரிந்து வைத்திருக்காது. முன்னாலேயே சீட்டுப் போட்டிருந்தால் அது யோசிக்கச் சோம்பேறித்தனம் என்பேன்.

பொருளாளர் ஐயாவுக்கு? நன்கொடை தந்த ஒவ்வொருவருக்கும் நடந்ததை எழுதிச் சொன்னோம். ஒருவர் காசைத் திருப்பிக் கேட்டார், கொடுத்துவிட்டோம். ஐயா இன்றைக்கும் முழுசாக ஒத்துக்கொள்ளவில்லை.

அந்த வருஷம் நாங்கள் யாரும் ஊசி போட்டுக்கொள்ளவும் இல்லை, இல்லத்துக்குள் போகவும் இல்லை. ஊசி போட்டாலும் உடம்பு தயாராக ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகும், பொங்கல் அதற்குள் வந்துவிடும். பொங்கல் பானையைக் கேட்டில் கொடுத்துவிட்டுக் கையசைத்துத் திரும்பினோம்.

இப்போது ஊசி கிடைக்கிறது. "அண்ணே, இருபத்து மூணு வயசுல எனக்கு எதுக்கு?" என்று நம் பிள்ளைகள் கேட்கிறார்கள். உனக்காக என்றால் நானும் வற்புறுத்த மாட்டேன், தம்பி. நீ யாருக்குச் சோறு ஊட்டப் போகிறாய் என்பதுதான் என் கேள்வி. ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு இந்த ஊசியே கிடையாது. சுற்றி இருக்கிறவர்கள்தான் அதற்குத் தடுப்பு. நம் நாட்டில் குளிர்காலம் இல்லை, இந்தக் கிருமி வருஷம் முழுக்கச் சுற்றுகிறது. போன வருஷ ஊசி இந்த வருஷத்துக்குப் போதாது.

தீபாவளிக்கு முதியோர் இல்லம் போகிற கிளைகள், பெயர் எழுதும்போதே ஊசித் தேதியையும் எழுதி வாங்குங்கள். இரண்டு வாரத்துக்கு முன்னால் போட்டிருக்க வேண்டும். இருமலோடு வருகிறவரை வேன் ஓட்டச் சொல்லாதீர்கள், முறுக்குச் சுடவும் விடாதீர்கள். வீட்டில் உட்கார்ந்து கணக்கு எழுதட்டும்.