வடியில் சிக்காத இரும்பு

சீடன்: ஐயா, கொண்டச்சிக் கரையில் உப்புக்காற்றுப் பட்ட இரும்பு செதில் செதிலாய் உதிர்வது கண்ணுக்குத் தெரிகிறது. ரொக்கெட்டின் ஒட்சியேற்றித் தாங்கியோ இறுக மூடிய கலம். அங்கே அரிப்புக்கு ஏன் இத்தனை அச்சம்? சிறிது துரு விழுந்தாலும் வடி பிடித்துவிடுமே?

குரு: விழுந்த துருவை வடி பிடிக்கும், கரைந்த இரும்பை எப்படிப் பிடிக்கும்? அந்தத் தாங்கியில் நிற்கும் ஒட்சியேற்றியான நைதரசன் நாலொட்சைட்டு நன்கு உலர்ந்திருக்கும்வரை உருக்கை மெல்லத்தான் தீண்டும். சிறிது நீர் புகுந்தால் நைத்திரிக்கமிலம் உண்டாகி, இரும்பு நைத்திரேற்றாகக் கரைந்துவிடும். திரவம் குளிரும்போதோ, குறுகிய துளையில் அமுக்கம் சட்டென இறங்கும்போதோ அது பசையாகப் பிரிந்து படியும். வடியைத் தாண்டிய பிறகு, வால்வின் வாயிலேயே படியும் என்பதுதான் கொடுமை. ஓட்டம் குறையும், அல்லது வால்வு சரியாக மூடாமல் கசியும். அமெரிக்க விண்ணோடத்தின் சிறு உந்துபொறி வால்வுகள் இந்த நைத்திரேற்றால் கசிந்தன. ஆகவே நீரை அண்டவிடாமல் காப்பதும், கரைந்த இரும்பை நிரப்பும் முன்பே மூலக்கூற்றுச் சல்லடையால் அகற்றுவதும்தான் உண்மையான காவல்.

சீடன்: அப்படியானால் தாங்கியைத் தைத்தேனியத்தில் செய்து, திரவத்தையும் முற்றாகத் தூய்மையாக்கிவிடலாமே?

குரு: 1965இல் அந்த நம்பிக்கை உடைந்தது. அப்பலோ விண்கலத்துக்கான தைத்தேனியத் தாங்கிகள் அமுக்கச் சோதனையில் வெடித்தன. ஆராய்ந்தபோது, நைத்திரிக்கொட்சைட்டு நீங்கிய மிகத் தூய திரவமே இழுவிசையில் நின்ற உலோகத்தைப் பிளந்தது தெரிந்தது. அந்த ‘மாசை’ மீண்டும் சேர்த்ததும் பிளவு நின்றது. இந்தியாவின் செவ்வாய்க் கலமான மங்கள்யானின் ஒட்சியேற்றியிலும் ஏறத்தாழ 3 சதவீதம் நைத்திரிக்கொட்சைட்டு இருந்தது. நீர் தீங்கு, இது காப்பு. இரண்டையும் மாசு என்ற ஒரே பெயரில் ஒதுக்கினால் தாங்கியே போய்விடும்.

சீடன்: ஆனால் மங்கள்யானின் இயந்திரம் ஏறத்தாழ 300 நாள் உறங்கிய பின்னும் எரிந்ததே. அச்சம் மிகை என்பதற்கு அதுவே சான்றல்லவா?

குரு: அதை நான் மறுபுறமாகப் படிக்கிறேன், தம்பி. மன்னார் வளைகுடாவின் அக்கரையில், மகேந்திரகிரியில் திரவ இயந்திரங்களைச் சோதித்துப் பழகிய இந்திய விண்வெளி நிறுவனமான இஸ்ரோ, பூமியருகே எரித்தபோது நனைந்த வால்வுகளை மட்டும் நம்பியிருக்கவில்லை. செவ்வாயருகே எரிப்பதற்கென மாற்றுக் குழாய்வழியை முன்பே அமைத்திருந்தது. அப்போதும் நேரே பெரிய எரிப்புக்குப் போகவில்லை. 2014 செப்டெம்பர் 22இல் ஏறத்தாழ 4 விநாடி எரித்துப் பார்த்தார்கள். 24ஆம் திகதி கலம் செவ்வாயின் சுற்றுப்பாதையில் நுழைந்தது.